பேனர்ல ஒத்தக்கண்ணி

பழைய ஹாலிவுட் படத்துல எந்தக் கதாநாயகியும் மூக்கைச் சிந்தி நான் பார்த்ததே இல்ல. புருஷன் செத்திருப்பான், இல்லன்னா காதலன் ரயிலேறிப் போயிருப்பான். இவளுக்குக் கண்ணு ஓரமா ஒரு சொட்டுத் தண்ணி நிக்கும், அவ்ளோதான். மை கூட கலையாது. இதெல்லாம் ஒரு அழுகையான்னு நான் கேப்பேன். "உனக்கு என்னாக்கா தெரியும்?"னு என் தங்கச்சி மேரிசெல்வி சண்டைக்கு வருவா.

மரக்காணத்துல இந்தப் படமெல்லாம் யாரு பாக்கறாங்கன்னு கேக்கறீங்களா? நாங்க ரெண்டு பேரும் பாத்தோம். மேரிக்குப் பொம்மையார்பாளையத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ரூம் கிளீன் பண்ற வேலை. சனிக்கிழமையானா அங்க மொட்டை மாடியில திரை கட்டி கருப்பு வெள்ளைப் படம் போடுவாங்களாம். அவங்களையே கேட்டு போன்ல ஏத்திக்கினு வருவா. மழைக் காலத்துல உப்பளம் பூரா தண்ணி நின்னுடும், எனக்கு வேலை கிடையாது. ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள உக்காந்து பாப்போம். எனக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது. அவளுக்குப் பாதி வரும், மீதிக் கதைய அவளே கட்டிவிடுவா.

அந்த நடிகைங்க பேரு வாயில நுழையாது, அதனால நாங்களே பேரு வெச்சோம். எனக்குப் புடிச்சவ பேண்ட்டுக்காரி. ரெண்டு கையையும் பாக்கெட்டுல விட்டுக்கினு நிப்பா. எதிர்ல நிக்கிறவன் பேசி முடிக்கிறதுக்குள்ள பதில் குடுத்துடுவா. அவள எங்க உப்பளத்துல விட்டா மேஸ்திரி மறுநாளே ஊரை விட்டு ஓடிடுவான். மேரிக்குப் புடிச்சவ ஒத்தக்கண்ணி. முடி அலை அலையா எறங்கி ஒரு கண்ண மறைச்சுக்கினு கெடக்கும். அவ வந்தா மேரி வாயப் பொளந்துக்கினு பாப்பா.

"ஏண்டி, ஒரு கண்ண மூடிக்கினு இவ எப்படிச் சமைப்பா?"

"அவ ஏன் சமைக்கணும்?"

"சரி, ஈசிஆர் ரோட்ட எப்படித் தாண்டுவா?"

"உனக்கு என்னாக்கா தெரியும்? அவளுக்காக வண்டியெல்லாம் நிக்கும்."

போன மே மாசம் ஒரு காலையில, வேலைக்கு பஸ் புடிக்க ரோட்டைத் தாண்டினப்ப மேரியைக் கார் அடிச்சிட்டுது. ரெண்டு கண்ணும் நல்லா தெரியும் அவளுக்கு. கார்தான் நிக்கல.

எங்க பக்கத்துல சாவுன்னா பொணம் வீடு வர்றதுக்குள்ள தெருமுனையில கண்ணீர் அஞ்சலி பேனர் நிக்கணும். இல்லன்னா செத்தவங்களுக்கு மரியாதை இல்லம்பாங்க. ஆனா மேரி படம் எங்க இருக்குது? எங்களையெல்லாம் படம் எடுக்கிறவ அவ, எந்தப் படத்துலயும் அவ இருக்க மாட்டா. போனும் ரோட்டுல நொறுங்கிடுச்சு. மிச்சம் ஆதார் கார்டுல இருக்கிறதுதான், அதைப் பாத்தா அவளுக்கே அடையாளம் தெரியாது. எங்க தம்பி பிரபு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுதுக்கினே பேனர் கடைக்கு போன் பண்ணான். "எங்க அக்கா ஃபேஸ்புக்ல போட்டோ இருக்கும், அத எடுத்துப் போட்டுடுப்பா"ன்னுட்டான்.

அதுல அவ வெச்சிருந்தது ஒத்தக்கண்ணி படம். கடைக்காரனுக்கு மேரிய முன்ன பின்ன தெரியாது. கருப்பு வெள்ளையில இருக்குது, செத்தவங்க படம் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சு அடிச்சுட்டான் புண்ணியவான். ஆளுயரத்துக்கு ஒத்தக்கண்ணி, மேல 'மேரிசெல்வி'ன்னு பேரு, கீழ வரிசையா கை கூப்பிக்கினு எங்க மூஞ்சிங்க. என்கூட உப்பு வாருற தனகோடி என் காதுல வந்து, "யாருக்கா இந்த வெள்ளக்காரி?"ன்னு கேட்டா. வேற நாளா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன்.

பிரபு தலையில அடிச்சிக்கினு பேனரைக் கிழிக்க ஓடினான். அதுக்குள்ள எங்க அம்மா சவரியம்மாள் வந்துட்டாங்க. காலம் பூரா வெள்ளை உப்பைப் பாத்துப் பாத்து அம்மா கண்ணு மங்கிப்போச்சு, நெழலு மாதிரிதான் தெரியும். பேனரைக் கையால தடவிப் பாத்து, "என் பொண்ணு ராணியாட்டம் இருக்கிறாளே"ன்னு கதறினாங்க. பிரபு கயித்தப் புடிச்சுக்கினு என்னப் பாத்தான். நான் "விட்டுடுடா"ன்னேன்.

எல்லாரும் அழுதாங்க. எனக்கு வரல. "சகாயசெல்வி கல்லு மாதிரி நிக்கிறா பாரு"ன்னு என் காதுபடவே பேசினாங்க. பேசட்டும். அழக்கூடாதுன்னா நின்னேன்? அந்த மூஞ்சியப் பாத்து எனக்கு எப்படி அழுகை வரும்? அவ என் தங்கச்சியே இல்லையே.

அடக்கம் முடிஞ்சு வேலைக்குப் போனேன். கால் வெடிப்புல உப்புத் தண்ணி எறங்கினா உயிர் போகும், அதுகூட தெரியல. சோறு துன்னேன், என்னா கொழம்புன்னு கேட்டா சொல்லத் தெரியாது. பயம் ஒண்ணுதான் இருந்திச்சு. கண்ண மூடினா மேரி வரல. ஒத்தக்கண்ணி வந்தா. தெருமுனையில போக வர அவளையே பாத்துப் பாத்து, என் தங்கச்சி மூஞ்சி எனக்கே மறந்துக்கினு போவுதேன்னு பயம். மூக்கு எப்படி இருக்கும், சிரிச்சா எந்தப் பக்கம் குழி விழும்னு கேட்டுக்கினே உப்பு வாருவேன். ஒண்ணும் வராது.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு பேனரை அவுத்தாங்க. உப்பளத்துல பழைய பேனரை யாரும் தூக்கிப் போட மாட்டோம், மழை வந்தா உப்புக் குவியலை மூட ஆவும். கட்சிக்காரங்க, காது குத்தின கொழந்தைங்க, கல்யாண ஜோடின்னு எல்லாரும் எங்க உப்பு மேலதான் படுத்துக் கெடப்பாங்க. ஒத்தக்கண்ணியையும் சுருட்டி என் சைக்கிள்ல கட்டிக்கினு போனேன்.

அந்த வாரமே பட்டப்பகல்ல வானம் கருத்துக்கினு வந்திச்சு. மேஸ்திரி "மூடுங்க, மூடுங்க"ன்னு கத்தறாரு. நானும் தனகோடியும் ஆளுக்கு ரெண்டு முனையப் புடிச்சு விரிச்சோம். படம் மேல இருக்கணும், உள்ள திருப்பினா சாயம் உப்புல ஒட்டிக்கும். நாலு பக்கமும் கல்லு வெச்சு நிமிந்தேன், மழை புடிச்சுக்கிச்சு. தனகோடி ஷெட்டுக்கு ஓடிட்டா.

குவியல் மேல ஒத்தக்கண்ணி மல்லாந்து கெடக்கறா. அவ நெத்தியில விழுந்த தண்ணி எறங்கி, மூக்குக்கிட்ட பேனர் சுருங்கின எடத்துல தேங்கி, அங்கேர்ந்து வாய் மேல வழியுது. எத்தினி படத்துல அழுதிருக்கிறா, ஒரு தடவை கூட இப்படி ஆனதில்ல. எனக்கு சிரிப்பு வந்திடுச்சு.

"பாத்தியாடி மேரி, உன் ஆளுக்கும் மூக்கு ஒழுகுது!"

பழக்கத்துல பக்கத்துல திரும்பிச் சொல்லிட்டேன். சொல்லிட்டு பதிலுக்கு நிக்கறேன். உனக்கு என்னாக்கா தெரியும்னு ஒரு சத்தம் வரணும், வரல. மழைதான் பேஞ்சுக்கினு இருக்குது. அப்பதான் அவ மூஞ்சி வந்திச்சு, ஒத்தக்கண்ணி இல்ல, மேரி. மூக்கைச் சுளிச்சுக்கினு, எடது பக்கம் குழி விழ, சண்டைக்கு வாயத் தொறந்துக்கினு நிக்கறா.

நான் அந்த வரப்பு மேலயே உக்காந்துட்டேன். கண்ணுலேருந்தும் மூக்குலேருந்தும் ஒண்ணா கொட்டுது. மேஸ்திரி என்னமோ கத்தினாரு. நான் எழுந்திருக்கல, மூக்கத் தொடைக்கவும் இல்ல.