நடுவில் புகுந்த கேள்வி

அவசர உதவி மையத்தில் அவளுக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். போனில் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாள். எதிர்முனையில் இருப்பவருக்கு அது தெரியவா போகிறது? பெரியவர்கள் பேசும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். உயிர் போகிற அவசரத்திலுமா மரியாதை பார்ப்பது என்று மேற்பார்வை அம்மாள் போன வாரம் எல்லார் எதிரிலும் கிழிகிழியென்று கிழித்துவிட்டார். இன்னொரு முறை நடந்தால் வேலை காலி.

பயிற்சி வகுப்பில் 'கட் இன்' என்று ஓர் ஆங்கில வினையைச் சொல்லிக் கொடுத்தார்கள். வரிசையில் நடுவே நுழைகிறவனுக்கும் அதுதான், நம் வண்டிக்கு முன்னால் மூக்கை நுழைக்கிற பஸ்ஸுக்கும் அதுதான், மின்சாரம் போனதும் தானாக ஓடத் தொடங்கும் ஜெனரேட்டருக்கும் அதுதான். இங்கே வேண்டியது அடுத்தவர் பேச்சில் புகுவது மட்டும், யாரையும் பன்னிரண்டு வினாடிக்கு மேல் கதை அளக்க விடாதீர்கள் என்றார்கள்.

மதியம் மூன்று மணிக்கு ஒரு பெரியவர் அழைத்தார். மூச்சு இரைத்தது. மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாளாம். சொன்ன கையோடு, சாப்பிட்டதும் நடக்க வேண்டாம் என்று தான் தலைபாடாக அடித்துக்கொண்டதையும் அவள் கேட்காததையும் ஆதியோடந்தமாக ஆரம்பித்தார். திரையில் வினாடிகள் ஓடின. மேற்பார்வை அம்மாள் பின்னால் வந்து நின்றார். தலையாட்டி பயந்துபோய்க் குறுக்கே புகுந்தாள்.

"ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க. உங்க வீட்டு விலாசம் சொல்லுங்க."

அவர் தடுமாறி, கேட்டதைச் சொன்னார். வண்டி கிளம்பியது. மேற்பார்வை அம்மாள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்து, பக்கத்தில் போய் நெஞ்சு ஏறி இறங்குகிறதா பாருங்கள் என்றாள்.

"எப்படிம்மா பாக்கறது? அவ கால்வாய்க் கரையில கிடக்கா. போனை விட்டுட்டுப் போயிட்டோம், அதான் நான் வீட்டுக்கு ஓடி வந்தேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எங்கே விழுந்தார் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? பயத்தில் வாயில் வந்ததைக் கேட்டுத் தொலைத்தாள்.

போனோடு திரும்ப ஓடச் சொல்லி, கரையில் எந்த இடம் என்று கேட்டாள். அவர் ஓடிக்கொண்டே கண்டதையும் பேசினார். மனைவியின் பிடிவாதம், புதுச் செருப்பு, அது காலைக் கடித்தது. குறுக்கே போனால் மறுபடி எதையாவது கெடுத்துவிடுவோமோ என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். செருப்பைக் கழற்றப் பம்ப் அறைப் படியில் உட்கார்ந்தவள்தான், அப்படியே சாய்ந்துவிட்டாள் என்றார். உடனே ஆம்புலன்ஸ் டிரைவருக்குச் சொன்னாள். அவர் வீட்டு விலாசத்தைத் தேடிப் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய்விட்டாராம். திரும்பிச் சுற்றி வர நாலு நிமிஷம் கூடுதலாகும்.

அந்த நாலு நிமிஷம் அவள் செத்துப் பிழைத்தாள். பெரியவர் போய்ச் சேர்ந்ததும் மனைவிக்கு மூச்சில்லை என்று அழுதார். நெஞ்சின் நடுவில் கையை வைத்து அழுத்தச் சொன்னாள். ஒன்று, இரண்டு என்று அவருடன் சேர்ந்து எண்ணினாள். தெரியாத ஒரு பெண்ணைத் தானே கொன்றுவிட்டோம் என்றே நினைத்தாள்.

கடைசியில் சைரன் கேட்டது. நாடி லேசாக இருக்கிறது, பிழைப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள் வண்டியில் போனவர்கள்.

"ஏத்திட்டாங்கம்மா," என்றார் பெரியவர். "நல்லவேளை, நீ என் பேச்சை நிறுத்தி விலாசம் கேட்ட. இல்லன்னா நான் பாட்டுக்கு உளறிக்கிட்டே இருந்திருப்பேன். நீ நல்லா இருக்கணும். உன்னாலதான்…"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தலையை ஆட்டிவிட்டு லைனை வைத்துவிடலாம், யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

"ஐயா," என்று நடுவில் புகுந்தாள். "வண்டி நாலு நிமிஷம் லேட்டானதே என்னாலதான். எங்க விழுந்தாங்கன்னு கேக்காம, வீட்டு விலாசத்தைக் கேட்டுட்டேன்."

அவள் லைனை வைக்காமல் காத்திருந்தாள்.