நேர் சொல்லும் கண்

பேருந்துப் பணிமனையில் பிரேக் மெக்கானிக்காக இருந்தவரை எல்லோரும் 'நூலிழை' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வறையிலிருந்த பில்லியர்ட்ஸ் மேசையில் அவர் குச்சியால் அடிக்கிற பந்து ஒவ்வொன்றும் குழியின் விளிம்பு வரைக்கும் அழகாகப் போய், நூலிழையில் தவறித் திரும்பிவிடும். பதினோரு வருஷமாக இதே கதை. குச்சியை மாற்றினார், மூச்சைப் பிடித்தார், ஊஹூம், ஒன்றும் எடுபடவில்லை.

அன்றைக்கு ஓட்டுநர்களுக்குக் கண் சோதிக்க, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவருடைய மச்சினி வந்திருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் அவர் குனிந்து குறிபார்ப்பதைக் கவனித்தவள், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"அத்தான், ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுக்கிட்டு அந்தச் சுவர்க் கடிகாரத்தை விரலால மறைங்க."

மறைத்தார்.

"இப்ப இடது கண்ணை மட்டும் மூடுங்க."

விரல் கடிகாரத்தை விட்டுத் தள்ளிப் போய் நின்றது. கையோ அசையவே இல்லை. திடுக்கிட்டுப்போய் வலது கண்ணை மூடிப் பார்த்தார். இப்போது விரல் கடிகாரத்தின் மேலேயே இருந்தது.

"உங்களுக்கு நேர் சொல்றது இடது கண்ணு. நீங்க குச்சியை வலது கண்ணுக்குக் கீழ வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறீங்க. தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளுங்க."

"போம்மா, கழுத்து சுளுக்கிக்கும்."

"சுளுக்கினா நான் எடுத்துவிடுறேன். தள்ளுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தலையை நகர்த்தினார். எல்லாம் கோணலாகத் தெரிந்தது. இன்னும் ஒரு விரற்கடை நகர்த்தினார். குச்சி, வெள்ளைப் பந்து, மேசையின் அந்தக் கோடியில் சிவப்புப் பந்து, அதற்கும் பின்னால் குழி, நான்கும் சட்டென்று ஒரே கோட்டில் வந்து நின்றன. அவர் குனிந்தபடியே நின்றார்.

"என்ன அத்தான், அடிக்கலையா?"

"இரும்மா... கொஞ்சம் பார்த்துக்கிறேன்."

ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அடித்தார். சிவப்புப் பந்து விளிம்பைத் தொடாமல் குழிக்குள் விழுந்தது. சுற்றி நின்றவர்களில் பேருந்துக்குப் பெயின்ட் அடிக்கிறவர் பந்தை எடுத்து மறுபடி வைத்தார். அந்த அடியிலும் விழுந்தது.

"இத்தனை வருஷமா வலது கண்ணு சும்மாவா இருந்துச்சு?" என்று கேட்டார் நூலிழை.

"ரெண்டும்தான் பார்க்குது. எது நேர்னு முடிவு பண்றது மட்டும் ஒண்ணு."

அன்றைய ஆட்டத்தில் என்னவோ அவர் தோற்றுத்தான் போனார்; பழக்கதோஷத்தில் தலை பழைய இடத்துக்கே ஓடியது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கிரீஸ் கையைக் கழுவப் போனவர், குழாயைத் திறந்துவிட்டுக் கண்ணாடியில் தன் இடது கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார், வீட்டுக்கு வந்த பெரிய மனிதரைப் பார்ப்பதுபோல.