மருத்துவமனைச் சாக்கடைக்கு மேலே

ஊரில் அவளுக்கு மீட்டர் அக்கா என்று பெயர். ஆற்றுக்கு அக்கரையில் அயல்நாடு. அங்கே ஓர் அணு உலை. அதிலிருந்து ஏதாவது கசிகிறதா என்று இக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சிறு குழு. எந்த அரசாங்கத்தையும் சாராததால் இரண்டு அரசாங்கத்துக்கும் அதைக் கண்டாலே ஆகாது. சைக்கிள் கடை மாடியில் இரண்டு அறைகள்தான் அதன் அலுவலகம். ஆற்றுத் தண்ணீரை மொண்டு வந்து கதிர்வீச்சை அளப்பது அவள் வேலை. வருஷக்கணக்காக ஒரே முடிவுதான்.

"ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு ஒரு ஆபீஸா?" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

அன்று காலை கருவியின் திரையில் கதிரியக்க அயோடின் எழும்பியிருந்தது, அணு உலையில் உண்டாகிற வகை. மறுபடி அளந்தாள். அதேதான்.

குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அந்த உலை கசியும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், ஒருத்தனும் காதுல வாங்கல. பத்திரிகைக்காரங்களக் கூப்பிடறேன்."

"கொஞ்சம் பொறுங்க சார். உலை கசிஞ்சிருந்தா வேற சிலதும் கூட வந்திருக்கணும். இது மட்டும் தனியா நிக்குது."

"நீ யார் பக்கம்?"

"தண்ணி மொண்டு மொண்டு முட்டி வலிக்கிற பக்கம்."

அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் போனைக் கீழே வைத்தார். "சாயங்காலம் வரைக்கும்தான்."

அதற்குள் சைக்கிள் கடை வழியாக விஷயம் பரவிவிட்டது. அண்ணன் போன் செய்தான். "பிள்ளைங்கள வண்டியில ஏத்திட்டேன். நீயும் வா."

"இன்னும் எதுவும் தெரியலண்ணா."

"தெரிஞ்சப்புறம் கிளம்பி என்ன பிரயோஜனம்?"

அவள் பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினாள்.

உலையின் கழிவுநீர் மேலே ஆற்றில் கலக்கிறது. அதற்குக் கீழே ஊர் மருத்துவமனைச் சாக்கடை. அவர்கள் வழக்கமாக மொள்வது இரண்டையும் தாண்டி. இன்று அவள் இரண்டுக்கும் நடுவில் சேற்றில் இறங்கி ஒரு பாட்டிலும், சாக்கடையிலேயே ஒரு பாட்டிலும் பிடித்தாள்.

மாடிக்கு வந்து அளந்தாள். நடுவில் பிடித்த ஆற்றுத் தண்ணீர் சுத்தம். சாக்கடையில் அயோடின் கொட்டிக்கிடந்தது.

மருத்துவமனைக்குப் போன் போட்டாள். "தைராய்டு நோயாளிங்களுக்கு அந்த அயோடினத்தான் மருந்தா தர்றோம்மா," என்றாள் நர்ஸ். "அவங்க கழிப்பறைத் தண்ணிய தொட்டியில தேக்கித்தான் விடணும். தொட்டி அடைச்சுக்கிச்சு. நேரா விட்டுட்டாங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம ஊர்ச் சாக்கடையா?"

"ஆமா சார். அதையும் நாமதான் வெளிய சொல்லணும்."

அவரே உட்கார்ந்து அறிக்கையை எழுதினார். முகத்துக்கு ஒரே நாளில் வயதாகியிருந்தது. அவள் கீழே இறங்கியபோது கடை வாசலில் ஒருவன், "அக்கரைக்காரனுக்கு வக்காலத்தா?" என்று கேட்டான். அவள் நிற்காமல் நடந்தாள்.

மறுநாள் அண்ணன் திரும்பினான். "என்னப் பாத்து ஊரே சிரிக்குது. அப்போ அந்த உலை நல்லாத்தான் இருக்கா?"

"நேத்து சாக்கடைக்கு மேல ஆத்துல ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"இதுக்குத்தான் இத்தனை பாடா!" அவன் உள்ளே போய்விட்டான்.

அண்ணி வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். இவள் ஒரு மூட்டையைப் பிடித்தாள்.

"இனிமே எங்கிட்ட சொல்லு," என்றாள் அண்ணி, தாழ்ந்த குரலில். "ஒண்ணுமில்லன்னாலும் சொல்லு. நான் கேட்டுக்கறேன்."