குருமலை கிட்டத்தில் தெரிந்த காலை

விடியற்காலையில் மொட்டைமாடியில் கடுங்காப்பியோடு உட்கார்ந்திருந்தபோதே பிரிஸ்கில்லாவுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு மழை உண்டு என்று. எப்போதும் தொலைவில் மங்கித் தெரியும் குருமலை, மழைக்கு முன்னால் வருவதுபோல் கையெட்டும் தூரத்தில் வந்து நின்றது. கொடிக்கயிறு பிசுபிசுத்தது. கிழக்கேயிருந்து வந்த கொண்டல் காற்றில் ஈரம். பதினோரு மணிக்குள் கொட்டிவிடும். ஐந்திலிருந்து ஏழு வரை அந்த மாடி அவளுக்கு மட்டும் சொந்தம். செல்போன் கீழே கிடக்கும். உளுந்து முளைவிட்ட கரிசக்காட்டின் மேல் வெளிச்சம் பரவுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். ஒரு நாளில் அவள் உயிரோடு இருப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். மிச்சமெல்லாம் குச்சிக் கம்பெனி ஆபீஸ்.

தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு மரக்குச்சி சீவிக் கொடுக்கிற இடம் அது. பன்னிரண்டு வருஷமாக அதே நாற்காலி, அதே டெலிவரி சலான், அதே முனகுகிற மின்விசிறி. சீவின ஈரக்குச்சியைக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். மழையில் நனைந்தால் பூசணம் பூத்துக் கறுத்துவிடும், எவனும் வாங்கமாட்டான். அதனால் மானேஜர் முத்துகிருஷ்ணன் தினமும் எட்டரை மணிக்கு ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டி, பரப்பலாமா என்று அவளைக் கேட்பார். அவள் சொல் இதுவரை தப்பியதில்லை. முதலாளியிடம் மட்டும் அவர், "வானத்தப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும் மொதலாளி" என்று மார்தட்டிக்கொள்வார். போய்த் தொலைகிறது என்று அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாதது போன மாதம் நடந்தது. கழுகுமலையில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை காலியிருந்தது. பத்து மணிக்குப் போனால் போதும், சுற்றிலும் புத்தகம். அங்கே கேட்டது இந்தக் கம்பெனியிலிருந்து ஒரே ஒரு அனுபவச் சான்றிதழ். நாளைக்குத் தாரேன், நாளைக்குத் தாரேன் என்று பத்தொன்பது நாள் இழுத்தடித்தார் முத்துகிருஷ்ணன். கடைசித் தேதியும் போனது. அந்த வேலையில் இப்போது அவருடைய கொழுந்தியாள் மகள் இருக்கிறாள். அந்தச் சந்தோஷத்துக்கு இவள் மேஜையிலும் ஒரு லட்டு வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் தின்றாளே, அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"ஏம்மா, பரப்பலாமா?"

ஜன்னலில் அவர் தலை. வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது.

"தாராளமாப் பரப்புங்க அண்ணாச்சி. ஒரு பொட்டு விழாது."

"அப்போ கொட்டகைல கெடக்கதையும் சேத்துப் போட்டிருவமா?"

"போடுங்க. நாளைக்கு லோடு ஏத்தணும்லா."

பொய் இத்தனை லேசாக வரும் என்று அவளே நினைக்கவில்லை.

பத்தே முக்காலுக்கு வெளிச்சம் மங்கியது. முதல் துளி தகரத்தில் விழுந்த சத்தம் அவளுக்கு இனித்தது. பிறகு ஊற்றித் தள்ளியது. முத்துகிருஷ்ணன் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் ஓடினார், வழுக்கி விழுந்தார், எழுந்து எல்லோரையும் ஏசினார். நல்லா விழு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஒரு சலானை எழுதி முடித்தாள்.

சொட்டச் சொட்ட அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தெரிஞ்சேதான் சொல்லிருக்கே, என்னா?"

"நான் வெறும் கிளார்க்கு அண்ணாச்சி. வானம் பாக்கது நீங்கள்லா."

அவர் வாயைத் திறப்பதற்குள் செல்போன் அடித்தது. முதலாளி. அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். யாரைக் காட்டிக்கொடுக்க முடியும்? "ஆமா மொதலாளி... நான்தான் பாத்தேன்... இன்னைக்குத் தப்பிருச்சு." இதற்காகவே அவள் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்ததுபோல் இருந்தது.

"ஏட்டி பிரிஸ்கில்லா! அந்த ஓரத்த வந்து பிடிட்டி!"

களத்தில் குச்சி பரப்புகிற பாண்டியம்மாள் கூப்பிட்டாள். காற்றில் பறக்கப்போன தார்ப்பாயின் மேல் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். மழை அவள் முதுகில் அடித்தது. இத்தனையையும் வாரி, அலசி, மறுபடி பரப்பப்போவதும் அவள்தான். இது பிரிஸ்கில்லாவின் கணக்கில் வரவே இல்லை.

வாசல்வரை போய் நின்றாள். களத்துத் தண்ணீர் படியேறி வந்தது. வெள்ளை வெளேரென்று குச்சிகள் மிதந்துவந்து அவள் செருப்பைச் சுற்றி ஒதுங்கின.