எட்டாவது கை

மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் ஆகாயத்தின் விலை சதுர அடி பத்தொன்பதாயிரம் என்றான் புரோக்கர் பிரபு. நல்லசிவம் முகத்தைச் சுளித்தார். விலை பிடித்துப்போனால் அவர் சுளிப்பார், தி.நகரில் முப்பது வருஷம் ஜவுளி விற்ற முகம் அது.

"இன்னா சார், மூஞ்ச இப்டி வச்சிக்கினா எப்டி? இடிச்சிட்டு எட்டு மாடி கட்டினாதான் காசு. இப்போ மேல காக்காதான் குடித்தனம் பண்ணினு கீது."

"காக்கா பேரம் பேசாது தம்பி. நான் கேட்டதுதான். புதுக் கட்டடத்துல ரோட்டப் பாத்த கடை எனக்கு வேணும்."

தி.நகர் கடையைத் தை மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதை அவர் வெளியே விடவில்லை. இரண்டு வருஷம் எங்காவது ஒண்டிக்கொண்டால், பிறகு இந்த அடையாறிலேயே சொந்தக் கடை. இல்லையென்றால் அறுபது வயதில் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

பன்னிரண்டு வீட்டுக் கட்டடம். முன்பெல்லாம் ஒரே ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் இடிக்க முடியாது. புதுச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு சொந்தக்காரர்கள் சம்மதித்தால் போதும், அதாவது எட்டுப் பேர். ஏழு பேர் சரி என்றாகிவிட்டது. நான்கு பேர் மாட்டவே மாட்டோம் என்றார்கள். எட்டாவது ஆளாக இருப்பதன் ருசி நல்லசிவத்துக்குத் தெரியும். மூன்று மாதம் பிடிகொடுக்காமல் இழுத்தார்.

"சரி சார், கட உங்களுக்குத்தான்," என்று பிரபு இறங்கிவந்தான். "ஞாயித்துக்கெழம மீட்டிங்ல கைய தூக்கிடுங்க. இல்லாங்காட்டி எங்க மொதலாளி ஆழ்வார்பேட்டைல வேற எடத்துக்குப் பூடுவாரு."

சனிக்கிழமை சாயங்காலம் சங்கத்துச் செயலாளர் ஷண்முகப்ரியா மாடிப்படியில் மறித்தாள். "அங்கிள், நாளைக்கு ஆன்ட்டிய அனுப்பிடுங்க. பத்திரம் அவங்க பேர்லதான இருக்கு? ஓட்டு ஓனருக்குத்தான்."

"பதினெட்டு வருஷமா நான்தானம்மா மீட்டிங்குக்கு வாரேன்."

"டீ, பிஸ்கட்டுக்கு யாரும் பத்திரம் கேக்கல அங்கிள். இது இடிக்கிற விஷயம். எங்க தப்பு வரும், கோர்ட்டுக்குப் போலாம்னு நாலு பேர் காத்திருக்காங்க. ஆன்ட்டி எழுதிக் குடுத்தா நீங்க வரலாம்."

வீடு வாங்கிய வருஷம் கடையில் கடன். கடன்காரர்கள் கை வைக்காமல் இருக்க மனைவி பெயரில் பதிந்தார். பதிந்ததை அவர் மறக்கவில்லை. அது செல்லும் என்பதைத்தான் மறந்திருந்தார்.

சரோஜாதேவி அடுக்களையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு. நாளைக்கு உனக்குப் பதிலா நான் போயிருதேன்."

"வேண்டாம். நானே போறேன்."

"அங்க பேச ஒண்ணுமில்ல. கையத் தூக்கணும், அவ்வளவுதான்."

"கடை உங்களுக்குன்னு பேசியாச்சு. நமக்கு எந்த மாடில வீடுன்னு கேட்டியளா?"

அவர் கேட்டிருக்கவில்லை. கடைக்குள் நுழைபவள் பட்டு வாங்க வந்தாளா, வேடிக்கை பார்க்க வந்தாளா என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். இவள் முகத்தில் எதுவும் பிடிபடவில்லை.

"சரி, உனக்கு என்னதான் வேணும், சொல்லு."

"மூணு மாசமா ஊரோட பேசுதிய. எங்கிட்ட இன்னைக்குத்தான் கேக்கிய." அவள் அடுத்த வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தாள். முற்றல். ஓரமாக ஒதுக்கினாள்.

மறுநாள் சரோஜாதேவி, அவர் கடைச்சரக்கு அல்லாத, தானே எங்கோ வாங்கிய நீலப் புடவையில் இறங்கிப்போனாள். நல்லசிவம் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்தார். டிவியைப் போட்டார், அணைத்தார். கீழே வாசல் பாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். சாலை இரைச்சலில் ஒரு சொல்லும் மேலே ஏறவில்லை. சரோஜாதேவி எழுந்து ஏதோ கேட்பது மட்டும் தெரிந்தது. பிரபு தலையைச் சொறிந்தான். நெடுநேரம் சொறிந்தான்.

பிறகு ஷண்முகப்ரியா ஏதோ சொல்ல, கைகள் எழுந்தன. நல்லசிவம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். சரோஜாதேவி மடியில் கைப்பையும், அதன்மேல் இரண்டு கைகளுமாக நிமிர்ந்து பால்கனியைப் பார்த்தாள். அப்போதுதான் தன் வலது கை தலைக்கு மேலே தூக்கி நிற்பதை அவர் கவனித்தார். அதை யாரும் எண்ணவில்லை.

கீழே ஏழு. மடியில் ஒன்று பாக்கி.