எட்டு மணி நேர ஓய்வு

அந்தக் காவல் கப்பலில் முப்பத்தொரு பேர் இருக்க வேண்டும். இருந்தது பத்தொன்பது பேர். யாருக்கு எப்போது வேலை, யார் எப்போது தூங்கலாம் என்று தினமும் பட்டியல் போடுவது கப்பல் எழுத்தரின் பொறுப்பு. அதனால் எல்லோருக்கும் அவர் 'பட்டியல் அண்ணன்'. சுக்கான் பிடிப்பவன் அவருடைய தங்கையின் கணவன்.

ஆள் கேட்டு எழுத்தர் மேலிடத்துக்கு நான்கு கடிதம் எழுதினார். நான்குக்கும் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ஒரே பதில்தான் வந்தது. ஓய்வுப் பதிவேட்டில் உண்மையான நேரத்தை எழுதிய அன்று கேப்டன் கூப்பிட்டார்.

"எட்டு மணி நேரம்னு போடுங்க. குறைச்சுப் போட்டா கப்பலைக் கரையை விட்டு நகர்த்தவே விடமாட்டாங்க. அப்புறம் மேலிடத்துக்கு யாரு பதில் சொல்றது?"

எழுத்தர் எட்டு என்று போட்டார். அடுத்த நாளும் போட்டார். பிறகு கை தானாகவே போட்டது.

விபத்து நடந்த அன்று சமையல்காரருக்குக் காய்ச்சல். இரவெல்லாம் இயந்திர அறையில் நின்ற சுக்கான்காரன், காலையில் பத்தொன்பது பேருக்கும் சமைத்தான். மதியம் இரண்டு மணிக்குச் சுக்கானுக்குப் போகுமுன் எழுத்தரிடம் வந்தான்.

"மச்சான், கண்ணுக்குள்ள மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. ஒரு மணி நேரம் படுத்துக்கவா?"

"உனக்குப் பதிலா யாரை நிறுத்துறது மாப்பிள்ளை? நான்தான் நிக்கணும். எனக்கு அதை எந்தப் பக்கம் திருப்புறதுன்னே தெரியாது."

"அப்போ கப்பல் இன்னும் பத்திரமாப் போகும்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. துறைமுக வாயிலில் மணல் ஏற்றிய படகு ஒன்று குறுக்கே வந்தது. முன்னால் நின்று பார்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆள் இல்லை. ரேடாரையும் ரேடியோவையும் ஒருவராகவே பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி கடைசி நேரத்தில்தான் படகைக் கண்டு, "வலது! முழுசா வலது!" என்று கத்தினார். சுக்கான்காரன் "வலது" என்று திருப்பிச் சொன்னான். அவன் கை இடப்பக்கம் திருப்பியது. கப்பல் மோதிப் படகு இரண்டாகப் பிளந்தது. தண்ணீரிலிருந்து தூக்கப்பட்ட படகோட்டிக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். "ரெண்டு நாளாத் தூங்கலை சார்" என்றான் சுக்கான்காரன். தலைமை அதிகாரி பதிவேட்டைத் திருப்பி அவன் முன்னால் வைத்தார். "தினமும் எட்டு மணி நேரம் தூங்கினதா இருக்கே?" வெளியே வந்தும் சுக்கான்காரன் மச்சானை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எழுத்தரை அறுத்தது.

அன்று மாலை தங்கை வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அந்த எட்டு யார் எழுத்து அண்ணா?"

"என் எழுத்துதான்."

"அவர் படுக்க நேரமில்லாம நின்னுக்கிட்டே தூங்குறார்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே எழுதியிருக்கே."

"கேப்டன் சொன்னாரும்மா..."

"கேப்டன் என் வீட்டு மனுஷன் இல்லை. நீதான்."

மறுநாள் அவர் யாரும் கூப்பிடாமலே விசாரணை அறைக்குள் போனார். "பதிவேட்டுல இருக்கிற எட்டு எல்லாம் பொய். நான்தான் எழுதினேன். கேப்டன் சொல்லி எழுதினேன்" என்று சொல்லி, நான்கு கடிதங்களின் நகலையும் மேசைமேல் வைத்தார்.

"பொய்க் கணக்கு எழுதினா என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"தெரியும் சார். பன்னிரண்டு ஆள் கொடுக்காததுக்கு என்ன தண்டனைன்னுதான் தெரியலை."

அதிகாரிகளில் ஒருவர் மின்விசிறியை வேகமாக வைக்கச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. சுக்கான்காரனுக்குச் சிறை இல்லை, பதவி இறக்கம் மட்டும். எழுத்தருக்கு வேலை போனது. கேப்டனுக்குக் கரையில் ஓர் அலுவலகப் பதவி. அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று ஒரே சொல். ஆள் பற்றாக்குறை பின்னிணைப்பில், கடைசிப் பக்கத்தில். கப்பல் பழுது நீங்கி மறுபடி கிளம்பியது. புதிதாக வந்தவர்கள் இரண்டு பேர்.

எழுத்தர் தங்கை வீட்டுச் சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"அவ்வளவுதானா அண்ணா?"

"அவ்வளவுதான்."

அவள் கையிலிருந்த கரண்டியைத் தொட்டிக்குள் எறிந்தாள். உள்ளறையில் மாப்பிள்ளை புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உக்காரு, சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.