சிவப்பு அட்டை

ஆடிட் என்றால் போதும், எங்கள் சூப்பர்வைசர் ராஜசேகருக்குத் தலைகால் புரியாது. ஓசூர் சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி எங்களுடையது. மேஜைமேல் என்னென்ன இருக்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் இல்லாத எதையும், தன் கையால் எழுதிய சிவப்பு அட்டை கட்டி, கம்பிக்கூண்டில் போட்டுப் பூட்டிவிடுவார்.

அன்று காலை என் இன்ஹேலரைத் தூக்கினார்.

"சார், எனக்கு ஆஸ்துமா. அது கைக்கெட்டற தூரத்துல இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"லிஸ்ட்ல இல்லையே எஸ்லின். ஆடிட் முடியட்டும், தர்றேன்."

"கூண்டு, ஒயர் உறையைச் சூடாக்கற ஓவன் பக்கத்துல இருக்குது சார். சூடு பட்டா வெடிக்கும்னு டப்பாவுலயே எழுதியிருக்குது."

"ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆயிடாது."

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ஆடிட்டரை வரவேற்க வாசல் கேட்டுக்குப் போய்விட்டார். மூச்சு அவருடையதா, என்னுடையதா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கேயே சண்டை போட்டிருக்க வேண்டும். போடாததற்கு இன்றும் என்மேல் எனக்கே கோபம்.

ஆடிட்டர் வருகிறார் என்று துப்புரவு வேலை பார்க்கும் நஞ்சம்மாக்காவை விட்டுத் தரை முழுக்கப் பினாயில் ஊற்றித் துடைக்க வைத்தார்கள். நெடி ஏறியது. பத்தே நிமிடத்தில் என் நெஞ்சு இறுகி, விசில் சத்தம் கிளம்பியது. பேச வரவில்லை. கூண்டைக் கை காட்டினேன்.

நஞ்சம்மாக்கா மாப்பைக் கீழே போட்டார். "பூட்டிக்கினு போயிட்டானா? மனுசனா அவன்?" சுவரில் இருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றிக் கூண்டுப் பூட்டின்மேல் நாலு போடு போட்டார். பூட்டு தெறித்தது.

டப்பா வெதுவெதுப்பாக இருந்தது. மூடியைக் கழற்றிக் குலுக்கினேன். மூச்சை வெளியே விட்டு, வாயில் பொருத்தி, அழுத்தியபடியே மெதுவாக இழுத்தேன். பத்து எண்ணும்வரை அடக்கச் சொல்வார்கள். எனக்கு நாலுக்குமேல் முடியவில்லை. ஒரு நிமிடம் கழித்து இன்னொரு தடவை. காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. கூடவே ஆத்திரமும் திரும்பி வந்தது.

அப்போதுதான் இன்ஹேலரில் தொங்கிய அட்டையைப் படித்தேன். அவிழ்த்து என் அடையாள அட்டைக் கயிற்றில் மாட்டிக்கொண்டேன்.

ஆடிட்டர் அம்மா வந்தார். பின்னால் இளித்துக்கொண்டு வந்த ராஜசேகரின் முகம், உடைந்த பூட்டைக் கண்டதும் செத்துப்போனது. அந்த அம்மா என் கழுத்தைப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

இன்ஹேலரை மேஜைமேல் வைத்தேன். "எழுதினவரே படிக்கட்டும் மேடம்."

அட்டையை ராஜசேகரின் மூக்குக்கு நேரே நீட்டினேன். வேறு வழியில்லாமல் முணுமுணுத்தார். "பொருள், இன்ஹேலர். அவசரத் தேவை, இல்லை."

"சத்தமா படிங்க சார்" என்றேன். "எனக்கு இப்பதான் மூச்சு வந்திருக்குது."